குறும்படப் போட்டியிலிருந்து எவ்வளவு தூரம்?

2012 பிப்ரவரிக்கும் 2014 ஜூனுக்கும் இடையில் வெளியான ஆறு தமிழ்ப் படங்களை வரிசையாகச் சொல்கிறேன்: காதலில் சொதப்புவது எப்படி, பீட்சா, சூது கவ்வும், நேரம், பண்ணையாரும் பத்மினியும், முண்டாசுப்பட்டி. ஆறும் அவற்றின் இயக்குநர்களுக்கு முதல் படங்கள். ஆறு பேரும் குறும்படம் எடுத்துக் கைபழகியவர்கள். இந்தப் படங்களில் நான்கு, அதே பெயரில் முன்பே குறும்படமாக வந்திருந்தவை. இரண்டரை ஆண்டுக்குள் இத்தனை புதியவர்கள் ஒரே வழியாக உள்ளே வந்தது அதற்கு முன்பு தமிழ் சினிமாவில் நடந்ததில்லை. அந்த வழிக்குப் பெரும்பாலும் வாசலாக இருந்தது கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குனர்' என்ற குறும்படப் போட்டி.

அதற்குப் பிறகு போட்டிகளுக்குக் குறைவே இல்லை. கல்லூரி, காவல்துறை, ரோட்டரி சங்கம், நகைக்கடை, இணைய விழா என்று மாதம் தவறாமல் ஏதோ ஓர் அறிவிப்பு வருகிறது. குறும்படப் போஸ்டர்களில் இரண்டு பக்கமும் இலை வளைத்த விருது முத்திரைகள் நடிகர்களின் முகத்தை மறைக்கும் அளவுக்கு நெருக்கியடித்து நிற்கின்றன. விருதுகள் பெருகிய வேகத்தில் இயக்குநர்கள் பெருகவில்லை. ஏன் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. ஒரு போட்டி சுயாதீனப் படைப்பாளிக்கு உண்மையில் என்ன தருகிறது, எதைத் தருவதில்லை?

முதலில், கதவைத் திறந்த அந்தப் போட்டியையே நெருங்கிப் பார்ப்போம். 'நாளைய இயக்குனர்' வாரந்தோறும் ஒளிபரப்பான நிகழ்ச்சி. படம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். காதல், நகைச்சுவை, திகில் என்று சுற்றுகள் மாறும். தனக்கு வராத வகையிலும் ஒருவர் படம் எடுத்தாக வேண்டும். முதல் பருவத்தில் நடுவர்களாகக் கார்ட்டூனிஸ்ட் மதனும் இயக்குநர் பிரதாப் போத்தனும் உட்கார்ந்திருந்தார்கள். படம் முடிந்ததும் இயக்குநரை எதிரே நிறுத்திவைத்துக்கொண்டே பேசினார்கள். எங்கே இழுத்தது, எந்த ஷாட் தேவையில்லை, முடிவு ஏன் ஒட்டவில்லை என்று வெளிப்படையாகக் கருத்துச் சொன்னார்கள். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அதைக் கேட்டார்கள். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதன் கட்டுமானத்தைப் பற்றிப் பேசும் பழக்கம் தமிழ்க் கூடங்களுக்குள் அப்படித்தான் வந்தது. இதை நான் அந்த நிகழ்ச்சியின் மிகப் பெரிய கொடையாக நினைக்கிறேன்.

முதல் பருவத்தில் பட்டம் வென்றவர் நலன் குமரசாமி. ஆனால் அவருடைய சூது கவ்வும் படத்துக்கு முன்பே பாலாஜி மோகனின் காதலில் சொதப்புவது எப்படியும் கார்த்திக் சுப்புராஜின் பீட்சாவும் திரைக்கு வந்துவிட்டன. பரிசு வரிசை ஒன்றாகவும் தொழில் வரிசை வேறாகவும் இருந்தன. போட்டியின் பயன் கோப்பையில் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. கார்த்திக் சுப்புராஜ் மதுரையில் வளர்ந்து, பொறியியல் படித்து, மென்பொருள் வேலையில் இருந்தவர். யாரிடமும் உதவி இயக்குநராக இருந்ததில்லை. பழைய வழியில் வந்திருந்தால் ஒரு பெரிய இயக்குநரின் அலுவலக வாசலில் சில வருடம், அவருக்குக் கீழே கிளாப் பிடித்துச் சில வருடம், பிறகு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிக் கதை சொல்லிச் சில வருடம் என்று இளமை கரைந்திருக்கும். வாயால் சொல்லப்படும் கதையைக் கேட்டு ஒரு தயாரிப்பாளர் பணம் போடுவது பெரும் சூதாட்டம். எட்டு நிமிடப் படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் போடுவதில் அந்த ஆபத்து பாதியாகக் குறைகிறது. இவருக்கு ஷாட் பிரிக்கத் தெரியுமா, நடிகரிடம் வேலை வாங்கத் தெரியுமா, சொன்ன நேரத்தில் முடிப்பாரா என்ற மூன்று கேள்விக்கும் படமே பதில் சொல்லிவிடும்.

அந்தப் பதிலைக் கேட்க ஒரு ஆள் இருந்தார் என்பது அடுத்த முக்கியமான விஷயம். திருக்குமரன் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் சி.வி.குமார் சினிமாக் குடும்பத்திலிருந்து வந்தவர் அல்லர். பயணத் தொழிலில் இருந்தவர். 2012இல் பா.ரஞ்சித்தின் அட்டகத்தியையும் பீட்சாவையும், 2013இல் சூது கவ்வும் படத்தையும், பிறகு ராம்குமாரின் முண்டாசுப்பட்டியையும், 2015இல் ஆர்.ரவிக்குமாரின் இன்று நேற்று நாளை படத்தையும் தயாரித்தார். சின்ன பட்ஜெட், புதிய முகம், புதிய கதை என்று அவர் துணிந்த காலமும் போட்டி சூடாக இருந்த காலமும் ஒன்றாக அமைந்தன. கருவியும் கைக்கெட்டியது. 2008இல் கேனான் நிறுவனம் 5டி மார்க் 2 கேமராவில் முழு எச்.டி. வீடியோ வசதியைக் கொண்டுவந்தது. கல்யாண போட்டோகிராபரிடம் இருந்த கேமராவையும் லென்ஸையும் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தால் சினிமாவுக்கு நெருக்கமான பிம்பம் கிடைத்தது. முன்னணி மங்கலாகிப் பின்னணி தெளிவாகும் அந்த ஃபோகஸ் மாற்றத்தைக் கண்டு மயங்கி, தேவையில்லாத இடத்தில் எல்லாம் அதைப் போட்ட படங்கள் அன்று ஏராளம். அதுவும் பழகும் கட்டத்தில் நடப்பதுதான்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகளாக இல்லை. ஒருவர் படத்துக்கு இன்னொருவர் வேலை செய்தார். ஒருவர் அறையில் இன்னொருவர் எடிட் செய்தார். ஒரே நடிகர்கள் பலருடைய படங்களிலும் வந்தார்கள். விஜய் சேதுபதி, பாபி சிம்ஹா, கருணாகரன், காளி வெங்கட் ஆகியோரின் முகங்கள் குறும்பட வட்டத்தில்தான் முதலில் பழகின. இயக்குநர்கள் முழுநீளப் படத்துக்குப் போனபோது நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் கையோடு அழைத்துப்போனார்கள். தனி ஒருவராக ஒரு குறும்பட இயக்குநர் உள்ளே போனால் கம்பெனி அவரை விழுங்கிவிடும். ஒரு கூட்டமாகப் போனதால்தான் அவர்கள் தங்கள் ரசனையை ஓரளவாவது காப்பாற்றிக்கொண்டார்கள்.

காலக்கெடு, முகத்துக்கு நேரே விமர்சனம், பார்க்கும் தயாரிப்பாளர், கூடவே வளரும் கூட்டாளிகள். இந்த நான்கும் சேர்ந்திருந்த இடத்தில் போட்டி ஆட்களை உருவாக்கியது. ஒன்று கழன்றாலும் மீதமிருப்பது பரிசளிப்பு விழா மட்டுமே.

இந்தத் தொலைக்காட்சிப் போட்டிக்கு முன்பு தமிழில் குறும்படமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. படத்தொகுப்பாளர் பி.லெனின் வணிக சினிமாவின் உச்சத்தில் இருந்தபோதே 'நாக்-அவுட்' எடுத்துத் தேசிய விருது பெற்றார். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் பல ஆண்டுகளாகக் குறும்படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் விருது கொடுத்துவருகிறது. நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் குறும்படப் போட்டி நடந்தது. மதுரையில் 1998 முதல் அமுதன் ஆர்.பி.யின் முயற்சியில் ஆவணப்பட, குறும்பட விழா நடந்துவருகிறது. இந்த மரபில் குறும்படம் என்பது சமூகத்தோடு பேசும் கருவி. அதை எடுத்தவர்கள் கோடம்பாக்கத்துக்குப் போக ஆசைப்பட்டு எடுக்கவில்லை. தொலைக்காட்சிப் போட்டி வந்த பிறகு குறும்படம் ஒரு விசிட்டிங் கார்டாக மாறியது. நல்லது, கெட்டது இரண்டும் இந்த மாற்றத்துக்குள் இருக்கின்றன. நல்லதை மேலே சொல்லிவிட்டேன். கெட்டதைச் சொல்லவேண்டுமானால் கொஞ்சம் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவது உதவும்.

ஜேன் கேம்பியன் 1982இல் ஆஸ்திரேலியத் திரைப்படப் பள்ளியில் மாணவியாக இருந்தபோது 'பீல்' என்ற ஒன்பது நிமிடப் படத்தை எடுத்தார். காரில் அப்பா, மகன், அத்தை. பையன் ஆரஞ்சுத் தோலை உரித்து ஜன்னல் வழியே எறிகிறான். அப்பா வண்டியை நிறுத்தி, போய் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வா என்கிறார். அவ்வளவுதான் கதை. மூன்று பேரின் பிடிவாதமும் அந்தச் சாலையோரத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். கடைசியில் திருப்பம் கிடையாது. யாரும் திருந்துவதும் இல்லை. 1986இல் கான் விழாவில் இந்தப் படம் குறும்படத்துக்கான தங்கப் பனை விருதை வென்றது. எடுத்து நான்கு ஆண்டு கழித்து. ஏழு ஆண்டுக்குப் பிறகு 'தி பியானோ' முழுநீளப் படத்துக்கான தங்கப் பனையையும் அவருக்கு வாங்கித் தந்தது. அந்தப் பிடிவாதக்காரக் குடும்பத்தை உற்றுப் பார்த்த அதே கண்தான் பியானோவிலும் இருக்கிறது. போட்டிக்காக அவர் வேறு ஒருவராக மாற வேண்டியிருக்கவில்லை.

ஸ்காட்லாந்தின் லின் ராம்சே பிரிட்டனின் தேசியத் திரைப்படப் பள்ளியில் ஒளிப்பதிவு படித்தவர். பட்டப்படிப்புப் படமான 'ஸ்மால் டெத்ஸ்' 1996இல் கானில் நடுவர் பரிசு பெற்றது. 1998இல் 'கேஸ்மேன்' படத்துக்கு மீண்டும் அதே பரிசு. கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பிள்ளைகளை ரயில் தண்டவாளத்தின் வழியாக அழைத்துப்போகிறார் ஒரு தந்தை. வழியில் வேறொரு பெண்ணிடமிருந்து இன்னும் இரண்டு குழந்தைகளைக் கூட்டிக்கொள்கிறார். அந்தச் சிறுமியும் அவரை அப்பா என்று கூப்பிடுவதை மகள் கேட்கிறாள். யாரும் எதையும் விளக்குவதில்லை. கேமரா குழந்தையின் உயரத்தைவிட்டு மேலே ஏறுவதும் இல்லை. அடுத்த ஆண்டே அவருடைய முதல் முழுநீளப் படம் 'ராட்கேட்சர்' வந்துவிட்டது. புகழ்பெற்ற பிறகு 2012இல் 'ஸ்விம்மர்' என்ற குறும்படத்துக்கு அவர் திரும்பி வந்தார். அதற்கு பாஃப்டா விருது கிடைத்தது.

மகாராஷ்டிராவைச் சேர்ந்த நாகராஜ் மஞ்சுளேயின் பாதைதான் எனக்கு மிகவும் நெருக்கமானது. 2009இல் 'பிஸ்துல்யா' என்ற குறும்படம். பள்ளிக்கூடம் போக ஆசைப்படும், போக முடியாத, விளிம்புநிலைச் சமூகத்துச் சிறுவன் ஒருவனின் கதை. அறிமுக இயக்குநரின் கதையல்லாத பிரிவுப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 2013இல் 'ஃபன்றி', 2016இல் 'சைராட்'. மராத்தி சினிமாவின் வசூல் வரலாற்றையே திருத்தி எழுதிய படம் அது. அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் அதைவிடப் பெரிய படம் எடுக்கப் போயிருப்பார்கள். மஞ்சுளே மழையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லப்பட்ட ஒரு பள்ளிச் சிறுவனைப் பற்றி 'பாவசாச்சா நிபந்த' என்ற குறும்படம் எடுத்தார். வீட்டுக் கூரை ஒழுகுகிறது. அவன் மழையின் அழகைப் பற்றி எழுத வேண்டும். இயக்கத்துக்கான தேசிய விருதை இந்தக் குறும்படம் பெற்றது. சில கதைகள் இருபது நிமிடத்துக்கு உரியவை, அவற்றை இழுத்து நீட்டக் கூடாது என்பதை வெற்றிக்குப் பிறகும் மறக்காதவர் அவர்.

தமிழில் போட்டி வழியாக வந்த இயக்குநர்களில் எத்தனை பேர் இப்படித் திரும்பினார்கள்? கார்த்திக் சுப்புராஜைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டோன் பெஞ்ச் நிறுவனத்தின் மூலம் 2015இல் 'பெஞ்ச் டாக்கீஸ்', 2016இல் 'அவியல்' என்று குறும்படத் தொகுப்புகளைத் திரையரங்குக்கே கொண்டுவந்தார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு போட்டிகளுக்குப் படம் எடுத்துவந்த லோகேஷ் கனகராஜின் 'களம்' அவியலில்தான் வந்தது. அடுத்த ஆண்டு அவர் மாநகரம் எடுத்தார். ஒரு போட்டி வழியாக வந்தவர் அடுத்தவருக்குத் திரையை ஏற்படுத்திக்கொடுத்த அரிய சம்பவம் இது. டிக்கெட் வாங்கிக் குறும்படம் பார்க்கும் பழக்கம் நமக்கு அப்போது தொற்றிக்கொண்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

2020 முதல் ஓ.டி.டி. தளங்கள் தமிழில் தொகுப்புப் படங்களை வாங்கத் தொடங்கின. புத்தம் புது காலை, பாவக் கதைகள், நவரசா. குறும்படத்துக்கு முதன்முறையாகப் பெரும் பணம் வந்தது. ஆனால் அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பெயர்பெற்ற முழுநீளப்பட இயக்குநர்கள். குறும்படத்தில் தனக்கென்று மொழி கண்டவர்கள் அங்கே விதிவிலக்காகவே இருந்தார்கள். 2017இல் யூடியூபில் பெரும் விவாதத்தைக் கிளப்பிய 'லட்சுமி'யின் இயக்குநர் கே.எம்.சர்ஜுனுக்கு நவரசாவில் ஓர் இடம் கிடைத்ததை அப்படிச் சொல்லலாம். குறும்படம் லாபமாகும் நேரம் வந்தபோது குறும்படக்காரர்கள் வெளியே நின்றார்கள். இது என்னை உண்மையாகவே வருத்தும் விஷயம்.

ஜெர்மனியில் இதே நிலையில் வேறொன்று நடந்தது. ஓபர்ஹவுசன் நகரில் 1954 முதல் குறும்பட விழா நடந்துவருகிறது. 1962 பிப்ரவரி 28 அன்று அந்த விழாவில் இருபத்தாறு இளம் படைப்பாளிகள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அலெக்சாண்டர் க்ளூகே, எட்கர் ரைட்ஸ் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். தங்கள் குறும்படங்கள் உலக விழாக்களில் வாங்கிவந்த பரிசுகளையே ஆதாரமாகக் காட்டி, பழைய சினிமா செத்துவிட்டது, புதிய முழுநீளப் படங்களை எடுக்கும் உரிமை எங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். மூன்று ஆண்டுக்குள் முதல் படங்களுக்கு நிதி தரும் அமைப்பு ஒன்று அங்கே உருவானது. அதன் உதவியோடு க்ளூகே எடுத்த முதல் படம் 1966இல் வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் வென்றது. ஃபாஸ்பிண்டர், ஹெர்சாக், வெண்டர்ஸ் என்று நாம் திரைப்படச் சங்கங்களில் வியந்து பார்த்த தலைமுறைக்கு இந்த மண்தான் அடித்தளம். பரிசுகளைத் தனித்தனியாக வீட்டு அலமாரியில் வைக்காமல், எல்லோருடைய பரிசையும் சேர்த்து ஒரு கோரிக்கையாக மேசைமேல் வைத்தார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான குறும்பட விருதாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

விருதுச் சந்தையைப் பற்றியும் பேசியாக வேண்டும். இருபது ஆண்டுக்கு முன்பு வெளிநாட்டு விழாவுக்குப் படம் அனுப்புவதென்றால் டேப், தபால் செலவு, சுங்கப் படிவம் என்று பெரிய வேலை. விதவுட்டபாக்ஸ் என்ற இணையதளம் அதை எளிதாக்கியது. பிறகு ஃபிலிம்ஃப்ரீவே வந்து மிகவும் எளிதாக்கியது. 2019இல் விதவுட்டபாக்ஸ் மூடப்பட்டது. படத்தை ஒருமுறை ஏற்றிவைத்தால் போதும், பொத்தானைத் தட்டித் தட்டி எத்தனை விழாவுக்கும் அனுப்பலாம். ஒவ்வொரு தட்டலுக்கும் டாலரில் கட்டணம் உண்டு. அனுப்புவது எளிதானபோது விழா தொடங்குவதும் எளிதாகிவிட்டது. ஒரு நகரத்தின் பெயர், பின்னால் 'சர்வதேச', ஒரு லோகோ. திரையரங்கு கிடையாது, பார்வையாளர் கிடையாது, நடுவர் யார் என்றும் தெரியாது. மாதம் ஒருமுறை விருது. சிறந்த படம், சிறந்த அறிமுகப் படம், சிறந்த ஆசியப் படம், சிறந்த மொபைல் படம் என்று பிரிவுகளும் ஏராளம், பிரிவுக்குப் பிரிவு கட்டணமும் தனி. வென்றவருக்கு மின்னஞ்சலில் சான்றிதழ். கோப்பை வேண்டுமென்றால் அதற்கும் பணம் கட்ட வேண்டும். டெலிவரி வேலை பார்த்துச் சேமித்த காசில் படம் எடுத்த பையன் இப்படி ஏழெட்டு விழாவுக்கு அனுப்பினால் அடுத்த படத்தின் லைட் வாடகை போய்விடும்.

விழா உண்மையானதா என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. படம் எந்த அரங்கில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் திரையிடப்படும் என்று கேளுங்கள். நடுவர்களின் பெயரைக் கேளுங்கள். போன ஆண்டு அங்கே வென்ற படங்களை எடுத்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று தேடுங்கள். இவற்றுக்கு நேரான பதில் இல்லாத இடத்துக்கு இலவசமாகக்கூட அனுப்ப வேண்டியதில்லை. பிரான்ஸின் க்ளேர்மோன்-ஃபெரான் விழாவுக்கு ஆண்டுதோறும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வருகின்றன. சர்வதேசப் போட்டிக்கு எடுப்பவை நூற்றுக்கும் குறைவு. அங்கே படம் திரையிடப்பட்டாலே, பரிசு கிடைக்காவிட்டாலும், குறும்படம் வாங்கும் தொலைக்காட்சிகளின் கண்ணில் படும். விழாவோடு சேர்ந்து சந்தையும் நடக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் திருவனந்தபுரம் இருக்கிறது. கேரள மாநில சலச்சித்திர அகாடமி 2008 முதல் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா, தம்பானூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகளில் நடக்கும். இரவு ரயிலில் போய் இறங்கி, பல் தேய்த்துவிட்டுக் காலைக் காட்சிக்குப் போய்விடலாம். அரங்கில் இடம் பிடிக்க வரிசையில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளையும், படம் முடிந்ததும் இயக்குநரை மடக்கிக் கேள்வி கேட்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் அங்கே பார்க்கலாம். ஓர் அரசு மனது வைத்தால் எதைச் செய்ய முடியும் என்பதற்கு நான் காட்டும் எடுத்துக்காட்டு அது. பெங்களூரு சர்வதேசக் குறும்பட விழா ஆஸ்கர் தகுதிப் பட்டியலில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 2015 முதல் நடந்துவரும் சர்வதேச சினிமா விழாவிலும் குறும்படங்களுக்குப் போட்டிப் பிரிவு உண்டு. போருக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே தங்கள் படத்தை உலகப் படங்களோடு சேர்த்துப் பார்க்க முடிவது சின்ன விஷயம் இல்லை.

முதல் படம் எடுப்பவர்கள் தவறவிடும் நடைமுறை விஷயம் ஒன்று உண்டு. படம் முடிந்த அன்றே யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். கான் போன்ற விழாக்கள் இணையத்தில் வெளியான படத்தை ஏற்பதில்லை. ஆஸ்கர் வழியும் அப்படித்தான், தகுதி பெறும் முன் இணையத்தில் வந்துவிட்டால் அடைபட்டுவிடும். நீளமும் முக்கியம். கான் போட்டிப் பிரிவுக்குப் பதினைந்து நிமிடம், ஆஸ்கருக்கு டைட்டில்களையும் சேர்த்து நாற்பது நிமிடம். பதினேழு நிமிடப் படம் எடுத்துவிட்டுப் பிறகு எங்கே வெட்டுவது என்று தவிப்பதைவிட, எந்த வாசலுக்குப் போகப் போகிறோம் என்று ஸ்கிரிப்ட் எழுதும்போதே யோசிப்பது நல்லது. பாதையும் ஒன்றே ஒன்று என்று இல்லை. பிரதீப் ரங்கநாதன் எந்தக் கோப்பையையும் நம்பவில்லை. யூடியூபில் போட்ட 'ஆப்(பா) லாக்' குறும்படத்தைத்தான் 2022இல் லவ் டுடே என்ற முழுப்படமாக்கினார். எம்.மணிகண்டனின் 'விண்ட்' குறும்படம் வெற்றிமாறனின் கண்ணில் பட்டு, அவர் தயாரிப்பில் காக்கா முட்டையாக முடிந்தது. பார்க்க வேண்டிய ஒருவர் பார்ப்பதுதான் எல்லாவற்றையும் நகர்த்துகிறது. அந்த ஒருவரை அழைத்துவரும் போட்டிக்கே மதிப்பு.

போட்டிகள் படங்களை என்ன செய்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைநகர் ஒன்றில் கல்லூரி நடத்திய போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். மேடைக் கூடத்தில் திரை கட்டியிருந்தார்கள். ஜன்னல்களுக்குத் திரைச்சீலை இல்லாததால் இரவுக் காட்சிகள் எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரிந்தன. ஒலிபெருக்கியில் ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்தது. ஒரு படத்தில் அம்மா பேசுவது கேட்டது, மகன் பேசுவது கேட்கவில்லை. ஒலிக்கலவைக்காகப் பத்து நாள் தூங்காமல் உழைத்ததாகச் சொன்ன அந்த இளைஞர் அரங்கின் பின்சுவரில் சாய்ந்து நின்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் ஓடின. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மதிப்பெண் எழுத மட்டுமே நேரம். பரிசு கொடுத்த சிறப்பு விருந்தினர் ஒரு படத்தையும் பார்த்திருக்கவில்லை. மூன்றாம் பரிசுகூடப் பெறாத மாணவி ஒருவர் என்னிடம் வந்து, "சார், எந்த இடத்துல தப்புன்னு மட்டும் சொல்லுங்க, அடுத்த படத்துல சரி பண்ணிக்கறேன்" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நிகழ்ச்சி நிரலில் இடமே இல்லை. கார் காத்திருந்ததால் வாசல்படியில் நின்று அவரோடு பேசினேன்.

இப்படிப்பட்ட சூழலில் நடுவர் மனதில் எந்தப் படம் தங்கும்? கடைசி அரை நிமிடத்தில் அதிரவைக்கும் படம். அதனால் எல்லோரும் திருப்பத்தை நோக்கியே எழுதுகிறார்கள். பேசிக்கொண்டிருந்த தாத்தா ஏற்கெனவே இறந்தவர். காத்திருந்த காதலி கற்பனை. திருடன்தான் போலீஸ். அடுத்த வகை விழிப்புணர்வு. தலைக்கவசம், போதை, செல்பேசி, முதியோர் இல்லம். தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2015 முதல் நடத்தும் குறும்படப் போட்டிபோல நல்ல பரிசுத் தொகையோடு, பொறுப்போடு நடப்பவை இந்த வகையில் உண்டு. ஆனால் தலைப்பைக் கொடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் முடிவை முதலில் எழுதிவிட்டு அதற்கு மனிதர்களைத் தேடுகிறார்கள். பாத்திரங்கள் வாசகம் சொல்லவே வருகிறார்கள். எஸ்.யு.அருண்குமாரின் பண்ணையாரும் பத்மினியும் குறும்படத்தை இங்கே நினைவுபடுத்தலாம். வயதான தம்பதி, ஒரு பழைய பத்மினி கார், அதன் மீது அவர்களுக்கு வரும் பாசம். அதிர்ச்சி இல்லை, செய்தி இல்லை. பார்த்தவர்கள் அதை மறக்கவும் இல்லை. அந்த நிதானம்தான் பிறகு சித்தா படத்திலும் அவருக்குத் துணைநின்றது. தன் கண்ணை விட்டுக்கொடுக்காமல் போட்டிக்குள் நுழைந்தவர்களே நீண்ட ஓட்டத்துக்குத் தாக்குப்பிடித்தார்கள். நித்திலன் சாமிநாதனுக்கும் 'நாளைய இயக்குனர்' மேடைதான் தொடக்கம். 2017இல் குரங்கு பொம்மை, 2024இல் மகாராஜா. இடையில் ஏழு ஆண்டு. முதல் படம் நல்ல பெயர் வாங்கிய பிறகும் இவ்வளவு காத்திருப்பு. கோப்பை வாங்கிய இரவில் யாரும் இதைச் சொல்லித்தருவதில்லை.

மேலே நான் சொன்ன தமிழ்ப் பெயர்களை மறுபடி வாசித்துப் பாருங்கள். ஒரு பெண் இயக்குநர்கூட இல்லை. வெளிநாட்டு எடுத்துக்காட்டில் இரண்டு பெண்களைச் சொல்ல முடிந்த எனக்கு, தமிழ்ப் போட்டி மேடையிலிருந்து அதே அளவு தூரம் போன ஒருவரைச் சொல்ல முடியவில்லை. திறமை இல்லாததால் அல்ல. கல்லூரிப் போட்டிகளில் மிக நுட்பமான படங்களைப் பெண்கள் எடுத்துப் பார்த்திருக்கிறேன். சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ நாலு பேர் சேர்ந்து எடுக்கும் அறை, இரவெல்லாம் நடக்கும் எடிட்டிங், நள்ளிரவில் டீக்கடையில் உருவாகும் கூட்டணி என்று இந்தப் பயிற்சிக்கூடம் முழுவதும் ஆண்களின் நேரத்திலும் ஆண்களின் இடத்திலும் இயங்கியது. கூட்டாளிகள் அமைவதே முக்கியம் என்று முன்பு சொன்னேன். கூட்டம் கூடும் இடத்துக்கே ஒருவர் வர முடியாதபோது போட்டி விதிமுறையில் சமத்துவம் இருந்து பயனில்லை. சாதியும் ஊரும் இதே மாதிரிதான் வேலை செய்கின்றன. சென்னையில் தங்க இடமும், ஆறு மாதம் சம்பளமில்லாமல் இருக்க வீட்டு ஆதரவும் உள்ளவர்களே அடுத்தடுத்த சுற்றுக்குப் படம் எடுக்க முடிந்தது. தோற்பதற்கு வசதி இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

தோற்கும் அந்த வசதியை ஓர் அரசு நிறுவனமே கொடுத்த இடமும் உண்டு. ஈரானில் அப்பாஸ் கியாரோஸ்தமி 1970இல் 'பிரெட் அண்ட் ஆலி' எடுத்தார். ரொட்டியோடு வீட்டுக்குப் போகும் சிறுவனைச் சந்தில் ஒரு நாய் வழிமறிக்கும், பத்து நிமிடப் படம். அதை எடுக்கவைத்தது போட்டி அல்ல. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்குமான கானூன் என்ற அரசு நிறுவனத்தில் அவருக்குச் சம்பளத்தோடு வேலை இருந்தது. அங்கிருந்தபடியே இருபது ஆண்டு காலம் குறும்படமும் நெடும்படமும் மாறி மாறி எடுத்தார். தோற்ற படத்துக்காக யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. தரமணியில் நமக்கு அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அதன் மாணவர் படங்களுக்கு மாநில அரசு விருதும் தருகிறது. விருது வாங்கிய மாணவருக்கு இரண்டாவது குறும்படம் எடுக்கப் பணமும் கேமராவும் ஓராண்டு நேரமும் கொடுக்கலாம். வருடத்துக்குப் பத்து பேர் போதும், பாதிப் பேர் பெண்கள். மாவட்ட நூலகங்களில் இருக்கும் கூடங்களில் மாதம் ஒரு மாலை, ஜன்னலை நன்றாக மூடி, இரண்டு ஒலிபெருக்கியும் வேலை செய்கிறதா என்று சோதித்துவிட்டு, அந்தப் படங்களைத் திரையிடலாம். போட்டி நடத்தும் கல்லூரிகள் பரிசுத் தொகையில் பாதியை எடுத்து, மூன்று நடுவர்களுக்கு முன்கூட்டியே படங்களை அனுப்பி, அனுப்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுதித்தரச் சொல்லலாம். தேர்வாகாதவருக்கும் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும்.